பிரித்த பெட்டியில் வந்த பம்ப்

புது எண்ணெய்ப் பம்ப் வந்த பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. பார்த்ததுமே வெர்லினுக்குச் சுருக்கென்றது.

"இதை யாரு பிரிச்சது?"

"நான்தான் மாமா. உள்ள பல்சக்கரம் சரியா உக்காந்திருக்கான்னு பாத்தேன்," என்றான் ரஸ்ஸல்.

"பில்லு?"

"வண்டியில எங்கயாவது கிடக்கும்."

எங்கயாவது கிடக்குமாம்! ஃபிளின்ட் ஊரில் பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டில் வேலை பார்ப்பவன். பத்தொன்பது வயதில் திருட்டுச் சக்கரங்களை விற்று ஜெயிலுக்குப் போய் வந்தவன். மகள் மார்லாவோ, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஜூனில் கல்யாணம். சர்ச்சிலிருந்து இவனுடைய அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பான்டியாக் காரில்தான் புறப்படுவார்களாம். அதன் எஞ்சின் வெர்லினின் கராஜில் ஸ்டாண்டில் ஏறியிருந்தது. ஆயுசு முழுக்க செவர்லே எஞ்சின் கட்டிய கைக்கு இது அந்நிய வண்டிதான். ஆனாலும் இவன் மேல் ஒரு கண் வைக்கலாம் என்றே ஒப்புக்கொண்டார்.

பழைய பம்ப் சோப்ளாங்கி. வேகமாகக் கிளம்பினால் எண்ணெயெல்லாம் பின்னால் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றைக் குடிக்கும். அதனால்தான் ஆழமான எண்ணெய்த் தொட்டியும் பெரிய பம்ப்பும். இரண்டு நாளில் இரண்டையும் பூட்டி முடித்தார்கள். இனி எஞ்சினைக் கிளப்புமுன் மேலேயிருந்து நீளக் கம்பியை விட்டு, ட்ரில்லால் பம்ப்பைச் சுற்றி, மூலைமுடுக்கெல்லாம் எண்ணெய் ஏற்ற வேண்டும். வறண்டு ஓடினால் பேரிங் கருகிப்போகும்.

ட்ரில்லைத் தானே எடுத்துக்கொண்டார் வெர்லின். அது கதறியது. பிரஷர் மீட்டர் முள் அசையவே இல்லை.

"மாமா, ஒரு நிமிஷம், அந்த ட்ரில்..."

"நீ வாயத் தொறக்காத!"

மறுபடி ஓட்டினார். முள் செத்துக் கிடந்தது. அவ்வளவுதான், இரண்டு நாளாய் அடைத்து வைத்திருந்த சந்தேகம் பொத்துக்கொண்டது.

"யார்டுல கிடந்த தேஞ்ச பம்ப்பைத் துடைச்சு, புதுப் பெட்டிக்குள்ள வெச்சுக் கொண்டாந்திருக்க. நல்லதை எவனுக்கு வித்த?"

"அப்பா!" என்று வாசலிலிருந்து கத்தினாள் மார்லா.

"உனக்குத் தெரியாதும்மா. கை பழகினது விடுமா?"

ரஸ்ஸலின் முகம் வெளுத்தது.  வெர்லின் எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, கசிவைத் தடுக்க வைத்த புதுக் கேஸ்கெட் கிழியக் கிழியத் தொட்டியைப் பெயர்த்து, பம்ப்பைக் கழற்றி எடுத்தார். மகள் கண்ணெதிரே நிரூபித்தே ஆகவேண்டும் என்ற வெறி. ஒரு வாளியில் எண்ணெய் ஊற்றி, பம்ப்பின் வாயை அதில் முக்கி, தண்டைக் கையால் வலப்பக்கம் சுற்றினார்.

"பாரு. ஒரு சொட்டு வருதா? நல்லாப் பாரு!"

வரவில்லை. இவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு. சீ, அதையும்தான் சொல்ல வேண்டும். வெளியே எடுக்கப் போனவர், தண்டு கையில் வழுக்க, இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டார். குபுக்கென்று எண்ணெய் பீறிட்டு அவர் சட்டை, தாடி, கண்ணாடி எல்லாவற்றையும் நனைத்தது.

 வெர்லின் இன்னொரு முறை இடப்பக்கம் சுற்றிப் பார்த்தார். மறுபடியும் பீறிட்டது.

"பான்டியாக்குல இடப்பக்கம்தான் சுத்தணும் மாமா," என்றான் ரஸ்ஸல். "செவர்லேக்கு நேர் எதிர். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்."

வெர்லின் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துடைக்க அது இன்னும் மங்கலானது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எம்மேல தப்புதான்ப்பா. மன்னிச்சுடு. நீ ஒருதடவ ஜெயிலுக்குப் போனவன்னு..."

"அதை உங்களுக்கு யாரு சொன்னா மாமா?"

வெர்லின் தலை குனிந்தார். போன கிறிஸ்துமஸ் விருந்தில், மார்லாவைக் கேட்டு வந்த அன்று, யாரும் கேட்காமலே இவனேதான் சொன்னான்.

ரஸ்ஸல் கிழிந்த கேஸ்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"எங்கப்பா போற?"

"புதுசு வாங்கத்தான். வந்துடுவேன்," என்றான் திரும்பாமலே. "இந்தத் தடவ பில்லோட வரேன்."