வெளியே ஏழு

நவம்பர் 23, புதன்கிழமை. இன்று பதிவேட்டில் ஏழு திமிங்கலம் என்று எழுதினேன். தவறு. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முதுகுத் துடுப்பில் வெட்டு விழுந்த தாயின் மறைவில் ஒரு குட்டி தெரிகிறது. தாய் மூச்சு விடும்போதே அதுவும் விட்டிருக்கிறது. இரண்டு ஆவியும் ஒன்றாகத் தெரிந்ததில் ஏமாந்துவிட்டேன். ஆக எட்டு. இன்று வலை போடவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. காலையில் ஸ்கிப்பரிடம் சொல்ல வேண்டும்.

குறிப்பேட்டில் இப்படி எழுதிய சுன்னிவா காலையில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. காபிக் குடுவையோடு மேலே படகோட்டும் அறைக்குப் போனபோது, படகின் தலைவரான ஸ்கிப்பர் ஆஸ்முன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீன்பிடிப் படகு, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் க்வேனாங்கன் ஃபியோர்டுக்குள் வந்து பத்தொன்பது நாளாகிவிட்டது. அத்தனை நாளில் அவர் ஒரேயடியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியதை யாரும் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து, நேற்று ஒன்று குறைத்து எழுதிவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காபி குடித்து முடிக்கட்டும் என்று நின்றாள். பாதிக் கோப்பையில் சோனார் திரையில் ஹெர்ரிங் மீன் கூட்டம் தெரிந்துவிட்டது.

"முந்நூறு டன் இருக்கும்," என்றார் ஆஸ்முன். "இதை ஏத்திட்டா நமக்கு ஒதுக்கின அளவு முடிஞ்சுது. வீட்டுக்குப் போயிரலாம். எல்லாரையும் எழுப்பு."

சூரியன் போன வாரத்தோடு போய்விட்டது. இனி ஜனவரியில்தான். பத்து மணிக்கு மேல் மலைகளுக்குப் பின்னால் நீல வெளிச்சம் ஒன்று வரும், இரண்டு மணிக்குள் அதுவும் போய்விடும். அந்த வெளிச்சத்தில்தான் வலையை வளைத்தார்கள். சுருக்குமடி வலையின் மிதவைகள் கடல்மேல் பெரிய வட்டமாகக் கிடந்தன. குளிர் மைனஸ் பதினைந்து டிகிரிக்கு இறங்கியிருந்ததால் நீர்மட்டத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி நின்றது. எது ஆவி, எது திமிங்கலத்தின் மூச்சு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கண் வலித்தது.

வலை இழுக்கும் விஞ்ச் எந்திரத்தின் பக்கம் ஓட்வர் கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றார். இந்தப் படகில் பதினான்கு வருஷம் ஆனவர்.

"என்ன பள்ளிக்கூடம், இன்னிக்காவது எண்ணி முடிப்பியா? போன வாரம் நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள மீனெல்லாம் ரஷ்யா போயிருச்சு."

சுன்னிவா மாலை வகுப்பில் கப்பலோட்டும் சான்றிதழுக்குப் படிக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அவள் பள்ளிக்கூடம்தான்.

"நீங்க எண்ணினா ஒண்ணு, ரெண்டு, நிறையன்னு முடிச்சிருவீங்க."

"அதுக்குப் பேருதான் வேகம். ஞாயித்துக்கிழமை அட்வென்ட், கிறிஸ்துமஸ் காலம் தொடங்குது. சர்ச்சுல என் பொண்ணு முதல் மெழுகுவத்தி ஏத்தறா. நான் முன்வரிசையில உக்காரலேன்னா என் பொண்டாட்டி என்னையே கொளுத்திருவா. சீக்கிரம் எண்ணு, தாயே."

வலையை வளைத்து முடித்ததும், அடிக்கம்பியை இழுத்து வாயைச் சுருக்குவதற்கு முன்னால், முன்தளத்தில் நிற்பவர் வலைக்கு வெளியேயும் உள்ளேயும் எத்தனை திமிங்கலம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். விஞ்ச்சில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகுதான் ஸ்கிப்பர் இழுக்கச் சொல்வார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு திமிங்கலம் உள்ளே சிக்கி, வலையைக் கிழித்துக்கொண்டு போய், பாதி வலையோடு ஃபியோர்டு முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து இந்தப் படகில் இதுதான் வழக்கம்.

சுன்னிவா எண்ணினாள். கிழக்கே மூன்று. அடுத்த படகின் விளக்குப் பக்கம் மூன்று. மிதவை வரிசையை ஒட்டி வெளியே ஒன்று. அதன் துடுப்பில் வெட்டு இருந்தது.

"வெளியே ஏழு! உள்ளே இல்லே!"

"வெளியே ஏழு! உள்ளே இல்லே!" என்று ஓட்வர் திருப்பிக் கத்தினார்.

ஒலிபெருக்கியில் ஆஸ்முன் குரல் வந்தது. "நேத்தும் ஏழுன்னுதான் எழுதியிருக்கு. சரியா இருக்கு. இழு."

விஞ்ச் உறுமத் தொடங்கியது.

ஏழு சரியாக இல்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திமிங்கலங்களை யாரும் கட்டிப்போட்டிருக்கவில்லை, ஒன்று வேறு பக்கம் போயிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் தாயை விட்டுவிட்டுக் குட்டி எங்கே போகும்? நேற்றுப் போலவே தாயின் மறைவில் இருக்கலாம். வெட்டுத் துடுப்புக்காரியின் மூச்சுக்காகக் காத்திருந்தாள். மேலே வந்தது. ஒரே ஒரு ஆவி. இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தாள். மறுபடியும் ஒன்று. இன்னும் ஒரே ஒரு முறை. தன் கண்மேல் நம்பிக்கையில்லாமல் எதையும் மூன்று தடவை சரிபார்ப்பது அவள் வழக்கம். இப்போது அது நல்ல வசதியாகிவிட்டது.

விஞ்ச் சத்தம் கேட்டால் திமிங்கலங்களுக்குச் சாப்பாடு என்று தெரியும். கிழக்கே இருந்த மூன்றும் வேகமாக வந்து, வலையிலிருந்து தப்பும் மீனுக்காகச் சுற்ற ஆரம்பித்தன. வெட்டுத் துடுப்புக்காரி அசையவில்லை. வாய் திறக்கவில்லை. மிதவையை ஒட்டி அதே இடத்தில் எழுந்தாள், அமிழ்ந்தாள், எழுந்தாள்.

அடிக்கம்பியின் வளையங்கள் கடகடவென்று பக்கவாட்டில் வந்து சேர்ந்தன. வலையின் வாய் மூடிவிட்டது. அதன் பிறகுதான் சுன்னிவா மேலே ஓடினாள்.

"ஸ்கிப்பர், நிறுத்துங்க. உள்ளே ஒரு குட்டி இருக்கு."

"பாத்தியா?"

"இல்லே."

"மூச்சுச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லே. நேத்து நான் எழுதினது தப்பு. ஏழு இல்லே, எட்டு. சாயங்காலம் படத்துல பாத்தேன். காலையில சொல்லணும்னு இருந்தேன்."

ஆஸ்முன் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"வலை வாய் திறந்திருந்தப்பவே தெரியும் உனக்கு."

"தெரியும்."

திட்டுவார் என்று நின்றாள். திட்டவில்லை. பொத்தானை அழுத்தினார், விஞ்ச் நின்றது. படிக்கட்டில் ஓட்வரின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"உள்ளே குட்டி இருக்காம்," என்றார் ஆஸ்முன்.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலே."

ஓட்வர் சுன்னிவாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

மூவரும் கண்ணாடி வழியே வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஹெர்ரிங் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் துள்ளியது. ஆவி, துள்ளல், அதற்கு மேல் ஆயிரம் கடற்காகம். கடிகாரத்தில் நாலு நிமிஷம் போனது. ஓரிடத்தில் காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விருட்டென்று எழும்பின.

"அங்கே," என்றாள் சுன்னிவா.

"காக்கா," என்றார் ஓட்வர். "காக்கான்னா பறக்கத்தான் செய்யும்."

ஆஸ்முன் நாற்காலியில் உட்கார்ந்தார். "மீன் இன்னும் உயிரோட இருக்கு. இப்ப விட்டா நீந்திப் போயிரும். இன்னும் கொஞ்சம் இழுத்தா நசுங்கிரும். நசுங்கினதைக் கடல்ல விடவும் கூடாது." அதை யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று சுன்னிவா பயந்தாள். "ஓட்வர், பின்பக்க மிதவையை இறக்கு."

"யாரும் பாக்காத குட்டிக்கா?"

"யாரும் பாக்காத குட்டிக்குத்தான். போ."

மிதவைக் கயிற்றைத் தாழ்த்தியதும் அந்தப் பக்கத்துக் கடல் கறுத்து நகர்ந்தது. முந்நூறு டன் மீன் போக இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இறக்கும்போது வலை பக்கவாட்டு இரும்பில் சிக்கி மூன்று இடத்தில் கிழிந்தது. ஓட்வர் கயிற்றையும் குளிரையும் அரசாங்கத்தையும் மாலை வகுப்புகளையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

மிதவைக்கு அந்தப் பக்கம் வெட்டுத் துடுப்புக்காரியின் ஆவி எழுந்தது. அது கலைவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று. சின்னது, பாதி உயரம்கூட இல்லை. இரண்டு முதுகும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வடக்கே திரும்பின.

ஓட்வர் கையை வாயருகே குவித்துக்கொண்டு, வழக்கப்படி, படகு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"வெளியே எட்டு! உள்ளே இல்லே!"

திருப்பிச் சொல்ல வேண்டியது இப்போது அவள்தான். "வெளியே எட்டு," என்றாள். "உள்ளே இல்லே."

"சரி," என்றார் ஓட்வர், கயிற்றைச் சுற்றியபடி. "அப்பா ஞாயித்துக்கிழமை வரமாட்டாருன்னு என் பொண்ணுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு."

"சொல்றேன்."

"சும்மா சொன்னேன்."

"இல்லே. நானே சொல்றேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்கூல்ல இடைவேளை பத்து மணிக்கு. அப்பத்தான் எடுப்பா," என்றார்.

மத்தியானம் ரொட்டியும் பழுப்புச் சீஸும் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மென்றுகொண்டே தூங்கினான். ஆஸ்முன் பதிவேட்டை மேஜைமேல் அவள் பக்கம் தள்ளினார். சுன்னிவா நேற்றைய ஏழு என்பதை அடித்து, எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"எப்ப தெரிஞ்சுதுன்னும் எழுது."

புதன், மாலை 7.20 என்று எழுதினாள். அவர் வாசித்தார், தலையசைத்தார், மூடி வைத்தார்.

அன்று மாலை ஆறு மணிக்கு இணையத்தில் வகுப்பு. சிக்னல் இருந்தது. கப்பலின் எடைச் சமநிலை பற்றிய பாடம். இரண்டாவது படத்திலேயே அவளுக்குக் கண் சொருகிவிட்டது. விழித்தபோது வகுப்பு முடிந்திருந்தது. கன்னத்தில் நோட்டுப் புத்தகத்தின் கம்பி பதிந்திருந்தது. அப்படியே பக்கத்தைத் திருப்பி எழுதினாள்.

நவம்பர் 24, வியாழக்கிழமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், விஞ்ச் ஓடத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒன்பது நிமிஷம். இது நேற்றைய தவறு அல்ல, வேறு. மீன் இல்லை. இன்னும் எத்தனை நாள் என்று ஸ்கிப்பர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

நாளை: ஆறு மணிக்கு ஓட்வரோடு கிழிந்த வலையைத் தைக்க வேண்டும். பதிவேட்டில் குட்டிகளுக்குத் தனியாக ஒரு கட்டம் கோடு போட வேண்டும். பத்து மணிக்கு அவர் மகளுக்குப் போன் பண்ண வேண்டும்.