இருபதாவது சுற்று

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நான்கு நகரங்களும் ஒரு துறைமுகமும் நூற்று இருபது செம்மறி ஆடுகளும் பதினொரு குடிமக்களும் கொண்ட நம் குடியரசின் மாண்புமிகு அதிபர், எதிரிகளின் சிம்ம சொப்பனம், இரண்டு முறை தொடர்ந்து வென்றவர், வரலாற்றையே திருப்பிப் போடும் முடிவொன்றை எடுத்திருக்கிறார். மூன்றாவது முறை அவர் தேர்தலில் நிற்கப் போவதில்லை.

இந்த முடிவை எடுத்தபோது அவர் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தார். எடுக்க வைத்தவர் அவருடைய மனைவி.

நாடு இருப்பது கைப்பேசிக்குள். வெளியே, அதிபர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார். மற்ற குடிமக்கள் பத்துப் பேரும் அதே கடையில் வேலை பார்ப்பவர்கள். படை நகர்த்துவதோ பயிர் வைப்பதோ, தன் வேலையை முடித்தவர் ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பதினொரு பேரும் அழுத்திவிட்டால் சுற்று அந்த நொடியே முடிந்து அடுத்தது தொடங்கும். ஒருவர் விட்டாலும் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து தானாக முடியும். இருபது சுற்றுக்கு ஒரு தேர்தல். பதவியில் இருப்பவர் இருபதாவது சுற்று தொடங்குமுன் பெயரை விலக்கிக்கொள்ளாவிட்டால், அவர் மறுபடி நிற்பதாகவே ஆட்டம் எடுத்துக்கொள்ளும்.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். புதிதாக வந்த ஸ்கேன் இயந்திரத்தில் பயிற்சி பெற வெளியூரில் பத்து நாள். மூன்று வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த இடம். திங்கள் காலை ரயில். வருகிறேனா இல்லையா என்று சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து நாளும் எட்டு மாதக் குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

“நீங்க அதிபரா இருந்தா நான் போகலைங்க,” என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். “போன தடவை போர் நடந்தப்போ குழந்தை டி.வி. ரிமோட்டைத் தின்னுச்சு.”

“திங்கலம்மா. கடிச்சுது.”

“ரெண்டு பட்டனைக் காணோம்.”

“சரி, ஜெயிச்சாலும் பத்து நாள் ஆட்டத்தைத் தொடாம இருந்துக்கறேன்.”

“இருப்பீங்களா?”

அதிபர் யோசித்தார். ஒரு சுற்று அதிபர் தலை காட்டாவிட்டால் பக்கத்து நாட்டுக்காரன் துறைமுகத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் கடையில் பத்துப் பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

“இருக்க மாட்டேன்,” என்றார்.

“அப்ப பேரை எடுத்துடுங்க. ஒரு பட்டன்தானே?”

ஒரு பொத்தான்தான். ஆனால் பெருந்தலைவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் போவதில்லை, விடைபெறுகிறார்கள். அதற்கு உரை வேண்டும். அதிபர் எழுத உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பக்கம் ஆகியிருந்தது. கணக்கும் போட்டு வைத்திருந்தார்: இருபது சுற்று என்றால் பத்து நாள், தேர்தல் திங்கள் காலை எட்டு மணி, ஞாயிறு மதியம் உரை, உரை முடிந்ததும் பொத்தான். பதினொரு பேரும் நேரத்தோடு அழுத்திய சரித்திரம் இந்த நாட்டுக்குக் கிடையாதே. எவராவது ஒருவர் மறப்பார்.

இந்த மறதியை ஒழிக்கத்தான் அதிபர் அதே வாரம் ஓர் ஆணை போட்டிருந்தார்: சுற்றை உடனே முடிக்காத சோம்பேறிகளின் ஆடுகள் பறிமுதல் செய்யப்படும். நாட்டுக்கு முன்மாதிரியாக, தன் பக்கத்தை ‘தானாக முடி’ என்று குறித்தும் வைத்துவிட்டார். மறதியை ஒழித்தால் கணக்கும் ஒழியும் என்பது ஏழு பக்கத்தில் எங்கும் இல்லை.

சனிக்கிழமை ஒத்திகை. மனைவி மருத்துவமனைக்குப் போனார். அதிபர் விடுப்பு எடுத்துக்கொண்டு குழந்தையைத் தனியாகப் பார்த்தார். கைப்பேசி அலமாரியின் உச்சியில், சத்தம் அணைக்கப்பட்டு. கஞ்சி தீயவில்லை. ரிமோட்டில் மிச்சமிருந்த பொத்தான்கள் அப்படியே இருந்தன. மூன்று மணிக்குக் குழந்தை தூங்கியது. உரையின் கடைசிப் பத்தியில் ஒரு கண்ணீர்த் துளி சேர்க்கலாம் என்று அதிபர் நாற்காலி போட்டு ஏறிக் கைப்பேசியை எடுத்தார்.

‘தேர்தல் முடிந்தது. வாக்குகள் எண்ணப்படுகின்றன. முடிவு நான்கு மணிக்கு.’

அதிபருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியின் மேலேயே நின்றார். மனைவி உள்ளே வந்தபோதும் அங்கேதான் நின்றார்.

“என்னங்க, பல்லியா?”

“தேர்தல் முடிஞ்சுடுச்சும்மா.”

“பேரை எடுத்துட்டீங்கல்ல?”

“உரை முடியல.”

மனைவி பாதி அடுக்கிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே இருந்த சட்டையை எடுத்து வெளியே வைத்தார். பிறகு இன்னொன்றை.

“தோத்திருக்கலாம்,” என்றார் அதிபர், நாற்காலியிலிருந்து இறங்கி.

“தோப்பீங்களா?”

“எப்படித் தோப்பேன்? ரெண்டு தடவை ஜெயிச்சவன்.” அந்த நிலையிலும் குரலில் லேசாக ஒரு மிடுக்கு எட்டிப் பார்த்தது. மனைவி மூன்றாவது சட்டையை எடுத்தார்.

அதிபர் கடைக்கு போன் போட்டார். கவுண்டரில் உட்காரும் அக்கா எடுத்தார்.

“அக்கா, திங்கட்கிழமை வர வேண்டிய தேர்தல் இன்னிக்கு எப்படி வந்துச்சு?”

“கரண்ட் இல்ல தம்பி. பத்து மணிக்குப் போனது ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு. மெஷின் ஓடல, ஒரு கஸ்டமர் இல்ல. நீ வேற ஆட்டைப் பிடுங்குவேன்னு மிரட்டி வச்சிருக்க. எல்லாரும் உட்கார்ந்து அழுத்து அழுத்துன்னு அழுத்தினோம். நாலு சுத்து பஞ்சாப் பறந்துடுச்சு.”

“நான் நிக்கலன்னு சொல்லலாம்னு இருந்தேன்க்கா.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“உரை எழுதிட்டிருந்தேன்.”

“எத்தனை பக்கம்?”

“ஏழு.”

“நல்லவேளை, கரண்ட் போச்சு.”

“அக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?”

“அதெல்லாம் ரகசியம். ஆனா நீ ஒண்ணும் கவலைப்படாத தம்பி.”

“ஜெயிச்சுடுவேனா?”

“ஐயோ, இல்ல.”

நான்கு மணிக்குத் திரையில் முரசு கொட்டியது. கவுண்டர் அக்கா பத்து. மாண்புமிகு அதிபர் ஒன்று. அந்த ஒன்றும், ‘தானாக முடி’ என்று குறித்தவர்களின் வாக்கை அவரவருக்கே போட்டுவிடும் இயந்திரத்தின் பெருந்தன்மை.

முன்னாள் அதிபரின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பெரிய மூச்சாக ஒன்று விட்டார். இரண்டு தேர்தல்களாகக் காதுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த தோள்கள் இரண்டும் தங்கள் இடத்துக்கு இறங்கின. துறைமுகத்தைப் பற்றி இனி அக்கா கவலைப்படட்டும்.

“தோத்துட்டேன்!” என்றார் வாயெல்லாம் பல்லாக.

மனைவி கைப்பேசியை வாங்கி எண்களைப் பார்த்தார். வெளியே எடுத்த மூன்று சட்டைகளையும் திரும்ப அடுக்கினார். பிறகு மருத்துவமனைக்குப் பேசி, “வரேன் சார், கண்டிப்பா வரேன்,” என்றார். மணி நாலரைகூட ஆகவில்லை. வைத்ததும் சுவரில் சாய்ந்து சிரித்தார். இவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவருக்கு உறைத்தது.

“பத்துப் பேருமா?”

“பத்துப் பேரும்.”

“ஒருத்தராவது...”

“எனக்கும் அங்க ஓட்டு இருந்திருந்தா பதினொண்ணுங்க.”

புதிய அதிபரின் முதல் ஆணை ஐந்து மணிக்கு வந்தது. ஒரே வரி: ‘ஆடுகள் பறிமுதல் ஆணை ரத்து.’ முன்னாள் அதிபர் தன் விடைபெறும் உரையை நாட்டின் பொது மன்றத்தில் பதிவிடப் பார்த்தார். பதவியில் இருப்பவர் மட்டுமே அங்கே பேசலாம் என்று தடுத்தது ஆட்டம். அந்த விதியைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவரும் அவர்தான்.

விழித்துக்கொண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஏழு பக்கத்தை யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். தொண்டையைச் செருமினார்.

“என் அருமைக் குடிமக்களே! வரலாறு என்னை...”

டயப்பர் மாற்ற வேண்டியிருந்தது.