தம் போட்ட கம்பி

1

புதுச்சேரியின் சாரம் பகுதியில் ஒரு டீக்கடை. பக்கத்து மேசையில் ஒரு பெண், சுருண்ட கம்பி ஒன்றைச் சூடான டீயில் போட்டாள். அது மெல்லச் சோம்பல் முறித்து நேரானது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

அவளுக்கு அஸ்ஃபியா என்று பெயர் வைத்தேன். எம்.டெக். மாணவி. நிக்கலும் டைட்டானியமும் கலந்த அந்தக் கம்பி, உலையில் பழக்கிய வடிவத்தை மறக்காது. குளிர்ந்தால் வளைந்து கொடுக்கும். போதிய சூடுபட்டால் உள்ளே அணுக்கள் அடுக்கு மாறி, பழையபடி நிமிரும்.

2

கடற்கரைச் சாலையில் மழை பெய்து... [வேண்டாம். புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலைதானா?]

மறுபடி. அஸ்ஃபியாவின் அம்மா ஜீனத்துன்னிசாவுக்குக் கேரம் என்றால் உயிர். போன வருடம் பக்கவாதத்தில் நடுவிரல் மடங்கிப்போனது. எதிர்வீட்டு நிர்மலாவோடு ஆடிய ஆட்டம் அன்றோடு நின்றது. ஜீனத்தின் கடைசி வெள்ளைக் காய் குழிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. [ஒரு வருடமாகக் கலைக்காமலா? ஆமாம். நம்புங்கள்.]

நிர்மலா இன்று மகனோடு இருக்கப் பாரிசுக்குப் போகிறாள். இனி வரமாட்டாள்.

3

விரலுறையில் கோத்தால் உடம்புச் சூட்டிலேயே நிமிர்ந்து, விரலையும் நிமிர்த்தும்படி ஒரு கம்பியைச் செய்யப் பார்த்தாள் அஸ்ஃபியா. உலையிலிருந்து எடுக்கும் நேரத்தில் அம்மாவின் போன்.

"அவசரப்படாத. இன்னுங் கொஞ்ச நேரம் தம்முல உடு. அப்பத்தான் நல்லா புடிக்கும்."

படித்த பெண், அம்மா பேச்சைக் கேட்டாள்.

[அடிக்குறிப்பு போல: உலையில் கூடுதலாகக் கிடந்தால் நிக்கல் கொஞ்சம் துணுக்குகளாகப் பிரிந்துவிடும். கம்பி நிமிர இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். பிரியாணிக்கு இந்தத் தொல்லை இல்லை.]

அம்மாவின் விரலில் மாட்டியபோது கம்பி அசையவே இல்லை.

"மறந்துடுச்சாடி?"

"மறக்கலம்மா. ஞாபகம் வர்றதுக்கு இன்னும் சூடு வேணும்."

இதை எழுதிவிட்டு நானும் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மறைப்பானேன்.

4

வாசலில் டாக்ஸி நிற்கிறது. விடைபெற வந்த நிர்மலா பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அஸ்ஃபியா ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து, கம்பி மாட்டிய அம்மாவின் விரலை அதன்மேல் சாய்த்து வைக்கிறாள். கம்பி நிமிர்கிறது. விரலும்.

"ஆறிடப் போவுது ஜீனத்து, சீக்கிரம் அடி!"

முடிவு ஒன்று: அடிக்கிறாள். காய் விழுகிறது. இருவரும் சிரித்து, நிர்மலா எழுந்து... [இதை எழுதி அடித்துவிட்டேன். பிறகு அந்தக் காலிப் பலகையை யார் பார்ப்பது?]

முடிவு இரண்டு: அதற்குள் கம்பி ஆறி, விரல் மறுபடியும்... [எனக்கு அவ்வளவு கல்நெஞ்சில்லை.]

மூன்றாவதை நான் எழுதவில்லை. ஜீனத்தே சொன்னாள்:

"ஆறட்டுமே. அஸ்ஃபியா, இன்னொரு டீ போடு."

டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். நிர்மலா எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரைக்கர் கோட்டின்மேல் இருக்கிறது. விரல் இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது. ஒரே சுண்டு, ஆட்டம் முடிந்துவிடும்.

உங்களுக்கு மனம் வந்தால் சுண்டுங்கள். எனக்கு வரவில்லை.