மஞ்சள் சல்லடை

நிலாக் கல் எனக்குத்தான் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அது 1971. அமெரிக்கர்கள் கொண்டுவந்த எரிமலைக் கல்லில் ஒரு சிட்டிகை, சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு வரவிருந்தது. அதற்கு முன் எனக்கொரு பரீட்சை. ஆறு கோடி ஆண்டு என்று ஏற்கெனவே தெரிந்த தக்காணத்து எரிமலைக் கல்லின் வயதை நான் சரியாக அளந்து காட்ட வேண்டும்.

எனக்கு வந்ததோ நாலு கோடி. மறுபடி அளந்தேன், மறுபடியும் நாலு கோடி.

"புதன்கிழமை கடைசி வாய்ப்பு, கலாவதி. இல்லேன்னா கல் வேற ஆளுக்கு" என்றார் தலைவர் நமச்சிவாயம்.

கல்லிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு துளி, காலம் போகப்போக ஆர்கான் வாயுவாக மாறும். இரண்டையும் அளந்தால் வயது தெரியும். பொட்டாசியம் கூடிப்போனால் கல் இளசாகிவிடும். எங்கிருந்தோ பொட்டாசியம் வந்து ஒட்டுகிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. குடுவைகளைத் தேய்த்துக் கழுவினேன். கண்ணில் பட்டவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன்.

அதே கோபத்தோடு சனிக்கிழமை பெரிய காஞ்சிபுரம் வந்தேன். அண்ணன் சிட்டிபாபு கொல்லையில் பட்டுநூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தான். கல்தூள் சலிக்க மெல்லிய பட்டுத்துணி தந்ததும் அவன்தான். நான் கேட்டது வெள்ளை. "மொத காரியத்துக்கு வெள்ளையா? ஆகாதும்மா" என்று மஞ்சளில் தோய்த்துக் கொடுத்தான். எட்டுத் தண்ணீரில் அலசியும் சாயம் இறங்கவில்லை. நானும் நிம்மதியாகச் சலித்தேன்.

இப்போது தொட்டியில் ஒரு பிடி வெள்ளைத் தூளைப் போட்டான்.

"என்னாண்ணா அது?"

"படிகாரம். இது இல்லாங்காட்டி சாயம் நிக்குமா? உன் துணிக்கு ரெண்டு பிடி போட்டேன்."

படிகாரத்தில் பொட்டாசியம்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிட, எழுந்து ஆடலாம் போலிருந்தது.

"வெள்ளத் துணி குடு. ஒண்ணும் போடாதது."

"வெள்ள வாணாம்மா..."

"குடுக்கப்போறியா இல்லியா!"

புதிதாகப் பொடித்து, வெள்ளைத் துணியில் சலித்தேன். புதன்கிழமை ஆறு கோடி வந்தது. நமச்சிவாயம் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கல் உனக்குத்தான்" என்றார். வராந்தாவில் நின்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதத்தில் நிலாக் கல்லும் வந்தது. அளந்தேன். முந்நூற்று அறுபது கோடி ஆண்டு! ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன்.

"நம்ம ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்த விடவா?"

"அத விட."

"வெள்ளத் துணியிலயா சலிச்ச?"

"வெள்ளத் துணியிலதான்."

மறுநாளே, நிலாவைச் சலித்த துணி தான் கொடுத்ததுதான் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மஞ்சளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.