சொட்டு மருந்துக்குப் பிறகு

சிந்து அனுப்பிய முதல் குறுஞ்செய்தி படுதோல்வி.

லிங்கராஜபுரத்தில் டாக்டர் கில்பர்ட்டின் கண் கிளினிக் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர்கூட வருவதில்லை. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து, இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க வந்தவள் சிந்து. வராத இருநூற்று நாற்பது பேரைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதிக்கு வெறும் நினைவூட்டல், மறுபாதிக்குப் பரிசோதனை இலவசம் என்ற செய்தி. ஒரு மாதத்தில் நினைவூட்டலுக்கு வந்தவர்கள் இருபது. இலவசத்துக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு.

"இலவசம்னாலும் வரலையே!" என்றார் டாக்டர். "நம்ம ஜனங்களுக்கு அக்கறை இல்லம்மா. விட்டுடுங்க."

சிந்து விடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வராதவர்களின் வீடுகளுக்கே போனாள். பலர் "டைம் இல்ல" என்று முடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், ஆட்டோ ஓட்டும் கோவிந்தன்தான் பிடிகொடுத்துப் பேசினார்.

"போன தடவ வந்தேன் மேடம். சொட்டு மருந்து போட்டாங்க. நாலு மணி நேரம் எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியல. ஆட்டோவ அங்கயே வுட்டுட்டு, செவுத்தப் புடிச்சுனு நடந்து வந்தேன். இலவசமா செஞ்சா மட்டும் யாரு என்னை ஊட்டுக்குக் கூட்டினு வருவாங்க?"

சிந்துவுக்குச் சட்டென்று விளங்கியது. சந்து முனையிலேயே டாக்டருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், அவங்க வரப் பயப்படல. திரும்பிப் போகத்தான் பயப்படறாங்க!"

மீதி நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரையும் மறுபடி குலுக்கினாள். ஒரு பாதிக்குப் பழைய நினைவூட்டலே. மறுபாதிக்கு, துணைக்கு வருபவர்களுக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து, புதிய செய்தி: 'ஞாயிறு மாலை நான்கு மணி உங்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். மருந்து போட்டபின் உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக யார் வருவார்கள்? பெயரை மட்டும் பதிலாக அனுப்புங்கள்.'

"ஞாயித்துக்கிழமையா?" டாக்டர் தலையில் கை வைத்தார். "காலைல சர்ச்சு, சாயங்காலம் கிளினிக்கா? வீட்ல என்னைத் துரத்திடுவாங்க." ஆனாலும் நான்கு வாரங்களுக்கு ஒப்புக்கொண்டார்.

அந்த இரவே சிந்துவின் போனில் பெயர்கள் வந்து விழத் தொடங்கின. மருமகன். தங்கச்சி. பக்கத்து வீட்டு ராணியம்மா. ஒருவர் தன் முதலாளியின் பெயரையே அனுப்பியிருந்தார்.

முதல் ஞாயிறு நான்கு மணிக்கு வரவேற்பறையில் நாற்காலி போதவில்லை. வாசலில் ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்து நின்றன. குலுக்கலில் புதிய செய்தி கிடைத்திருந்த கோவிந்தன் தன் மகளோடு வந்திருந்தார். பரிசோதித்த டாக்டர், விழித்திரையில் லேசான ரத்தக் கசிவைக் கண்டார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. லேசர் வெச்சா பார்வை தப்பிச்சுடும்."

கோவிந்தனின் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான்காம் ஞாயிறு முடிந்ததும் சிந்து பட்டியலைத் திறந்தாள். பழைய நினைவூட்டல்: பன்னிரண்டு. புதிய செய்தி: ஐம்பத்தொன்று!

டாக்டர் மேசையைத் தட்டினார். "நாலு மடங்கு!"

"பழைய செய்தி போனவங்களுக்கும் நாளைக்கே புதுசை அனுப்பிடலாம் டாக்டர். அவங்க ஏன் காத்திருக்கணும்?"

மறுவாரம் சுகாதாரத் துறை அதிகாரி ஸ்ரீரஞ்சனியே கிளினிக்குக்கு வந்தார். முடிவுகளை இரண்டு முறை படித்தார். "பன்னெண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல செய்யலாம். ஒரு கேள்வி. இதுல வேலை செஞ்சது ஞாயித்துக்கிழமையா, துணைக்கு ஆளா?"

"தெரியல மேடம்," என்றாள் சிந்து. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும். நிலையங்களை மூணு பங்கா பிரிச்சுக்கலாமா? ஒண்ணுல ஞாயிறு மட்டும், ஒண்ணுல துணை மட்டும், ஒண்ணுல ரெண்டும்."

ஸ்ரீரஞ்சனி பேனாவைத் திறந்தார். "இப்பவே பிரிங்க."