உப்புத் தண்ணீர்

அய்யனார் துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பாஞ்சாலை குடத்தைச் சாய்த்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் அடியில் தண்ணீர் இறங்கியதும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. புருஷனை அழவைத்துக்கொண்டு எந்தப் பெண்டாட்டிக்குக் கை ஓடும்? கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினாள். காலையும் மாலையும், ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

கடல் பொங்கிய அன்று, கூட்டாளி சிங்காரத்தின் படகுக்குக் கைகொடுக்கப் போனவன் அவன். அந்தப் படகையே அலை தூக்கி அவன் கால்மேல் போட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டிருந்த வெளிநாட்டு டாக்டர்கள் மட்டும் இல்லையென்றால் அப்போதே கால் போயிருக்கும். நொறுங்கிய எலும்பைக் கம்பி செருகிச் சேர்த்து நிறுத்தியது அவர்கள்தான். தங்கமான மனிதர்கள். நெட்டையான ஒரு டாக்டர் மண்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் வைத்துத்தான் கட்டுப் பிரிப்பார். ஆனால் அவர்களை நாள் குறித்து அனுப்பியிருந்தார்கள்; நாள் முடிந்ததும் அவரவர் ஊரில் அவரவர் ஆஸ்பத்திரி காத்திருந்தது. புறப்படும்போது டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்த ஜான்சன் வாத்தியார், லாரியில் ஒரு காலை வைத்தபடியே அதைச் சுருக்கிச் சொன்னார்.

“கம்பி உள்ள போற எடத்த ரெண்டு வேளயும் உப்புத் தண்ணில கழுவணுமாம்மா. அடுத்த டீம் வந்து கம்பிய எடுத்துடுவாங்களாம்.”

மரக்காணத்துக்காரிக்கு உப்புத் தண்ணீர் என்றால் என்னவென்று யார் விளக்கிச் சொல்வார்கள்? அவளும் கேட்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்து காலில் வெடிப்பு வந்தால் அந்தத் தண்ணீரிலேயே நின்று ஆற்றிக்கொள்கிற ஜனம். எரிந்தால் ஆறுகிறது என்றுதான் அர்த்தம். முதல் பாத்தித் தண்ணீரின் காரம் அவளுக்குப் போதவில்லை. கடைசிப் பாத்திவரை நடந்து, உப்புப் பூக்கப்போகிற கெட்டித் தண்ணீராகப் பார்த்துக் குடத்தில் மொண்டு வந்தாள். நடுவில் ஒருநாள் வந்த ஊர் நர்சு, கம்பிகளைப் பார்த்ததுமே வாசலில் நின்றுவிட்டாள். “இத நான் தொட மாட்டேம்மா. போட்டவங்களே வரட்டும்.”

அடுத்த குழு வருவதற்குள் மாசி பாதி கடந்துவிட்டது. டாக்டர் சகாயசெல்வி திருநெல்வேலியில் லீவு போட்டுவிட்டு வந்தவள். குனிந்து பார்த்தாள். கம்பிகளைச் சுற்றித் தோல் கறுத்து, சீழ் கட்டியிருந்தது.

“எதுலம்மா கழுவுறீங்க?”

பாஞ்சாலை ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்தாள். கொஞ்சம் பெருமையாகத்தான் வைத்தாள். டாக்டர் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கடேசிப் பாத்திங்க. இதவிடக் காரமா எங்கியும் கெடைக்காது.”

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. அவள் குடத்தை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தாள். “காய்ச்சி ஆறவச்ச தண்ணிம்மா. ஒரு தம்ளருக்கு ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.” பிறகு தோளைத் தொட்டு, காலையில் ஜீப் வரும், பாண்டிச்சேரியில் முழங்காலுக்குக் கீழே காலையே வெட்டி எடுக்கவேண்டி வரும் என்று சொன்னாள்.

என் கையாலேயே செய்துவிட்டேனே என்று பாஞ்சாலை குடத்தைக் கொல்லையில் கவிழ்த்தாள். சாயங்காலம் தாஹா கடைக்குப் போய் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் உப்பைக் கடையில் வாங்கியதில்லை. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு சிட்டிகை போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு போட்டதே தெரியவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் ஊத்தாம என்னா பண்ற?”

“காலைல எடுக்கப் போறாங்க. இப்ப எதுக்கு?”

“இன்னிக்குக் கால் இருக்குது இல்ல? ஊத்து.” அவன் துண்டைத் தேடி எடுத்தான். “நானுந்தான் எரிஞ்சா ஆறுதுன்னு நெனச்சேன். ஒன்னிய மட்டும் என்னா சொல்றது.”

துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டான். ஒரு கையால் வீட்டுக் கம்பத்தை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அவள் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் மெல்ல ஊற்றினாள். தண்ணீர் காலில் வழிந்து தரையில் ஓடியது. அவன் காத்திருந்தான். கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தான். கம்பத்தை விட்டுவிட்டு, வாயிலிருந்து துண்டை எடுத்தான்.

“எரியவே இல்ல பாஞ்சால.”

தம்ளரின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் அதையும் ஊற்றினாள்.