எட்டு மணிக்கே நிரம்பிய தாள்

புனேயின் பாணேரில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் இருபத்தாறு கட்டில்கள். பார்த்துக்கொள்ள ரெனிட்டா என்ற ஒரே நர்ஸும் இரண்டு மாவ்ஷிகளும். மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி. சம்பளத்துக்குக் கழுவித் துடைக்கிற பெண்களுக்கும் இங்கே அதே பெயர்தான். தீபாவளிக்கு முன்பு நாலு பேர் இருந்தார்கள். போன இருவருக்குப் பதில் ஆள் போடாமல், மேனேஜர் ப்ரீதி வரவேற்பறையில் மீன்தொட்டி வாங்கி வைத்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரியாவது போட்டிருக்கலாம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினோம் என்று எழுத ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாள் தொங்கும். காலை எட்டு மணிக்கு வந்ததும் ரெனிட்டா செய்கிற முதல் காரியம், எல்லாத் தாள்களையும் இரவு எட்டு வரைக்கும் எழுதி வைத்துவிடுவதுதான். அப்புறம் எழுத நேரம் இருக்காது. தாள் காலியாக இருந்தால் ப்ரீதி சும்மா விடமாட்டாள். எழுதிவிட்டுப் புரட்டாமலா இருக்கப்போகிறோம் என்று ஆரம்பத்தில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் என்றைக்குக் கறிக்கு உதவியிருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாவ்ஷி வரவில்லை. ஒன்பதாம் கட்டிலில் வேதநாயகியம்மாள். கட்கிக்காரர், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடம் ஆகிறது. பத்து மணிக்கு ரெனிட்டா அவரை வலப்பக்கம் புரட்டிவிட்டுப் போனாள். பன்னிரண்டுக்கு அவர் கூப்பிட்டார்.

"ரெனிட்டா, திருப்பி விடும்மா. எரியுது."

இதோ வந்துவிட்டேன் ஆன்ட்டி என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு ஓடினாள். மாடியில் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அதற்குப் பிறகு வரிசையாகச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. ஒன்றரைக்குத் திரும்பி வந்தபோது வேதநாயகியம்மாள் அதே வலப்பக்கமாகவே கிடந்தார். மூச்சு இல்லை.

இதயம் நின்றுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். ரெனிட்டாவுக்கு அது ஆறுதலாக இல்லை. எரிகிறது என்று சொன்னவரை அப்படியே விட்டுவிட்டுப் போனோமே என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். செத்தவரை நேராகப் படுக்கவைக்கக்கூட ஒரு கை உதவிக்கு ஆள் வரவில்லை.

மகன் ஜாக்சன் சிஞ்ச்வட்டிலிருந்து கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும்தான் ப்ரீதிக்குத் தாளின் நினைவு வந்தது. போய்ச் சேர்ந்தவரை இரண்டுக்கும் நாலுக்கும் ஆறுக்கும் புரட்டியதாக அதில் எழுதியிருந்தது. புதுத் தாள் ஒன்றைக் கொடுத்து, பன்னிரண்டு வரை மட்டும் எழுது, பழையதைப் பற்றிக் கேட்டால் மாவ்ஷி எழுதியது என்று சொல், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று வந்திருந்த ஒரே மாவ்ஷிக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

ரெனிட்டா பத்து மணி வரை எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. அதற்குள் ஜாக்சன் வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டபடி நின்றார். வேலை போனால் போகட்டும் என்று இரண்டு தாள்களையும் அவரிடம் நீட்டினாள்.

"இது நான் காலையிலேயே எழுதினது. பத்து மணிக்கப்புறம் ஆன்ட்டியைத் திருப்பல. கூப்பிட்டாங்க, நான் போகல."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. ஜாக்சன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. அளக்காமலே அளந்ததாக எழுதிய தாள்களைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு.

"தெரியும் சிஸ்டர். ஒரே பேனா, ஒரே கை. ஃபர்ஸ்ட் மாசமே பாத்துட்டேன்." தமிழ் தடுமாறியது. "கேட்டா அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். வீட்ல பாத்துக்க யார் இருக்கா? அதான் கேக்கல."

தாள்களைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். கொஞ்சம் பிடியுங்கள் என்றார். உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து வேதநாயகியம்மாளைத் திருப்பிவிட்டார்கள்.